கரஸ்ல சரித்திரம்

போன ஞாயித்துக்கிழமை வேலந்தாவளம் பக்கம் ஒரு சீர். பந்தியில உக்காந்து இலையில தண்ணி தெளிச்சிட்டு இருக்கேன். எதிர் வரிசையில எங்க வீட்டுக்காரரோட பெரிய மாமா.

"ஏனம்மிணி, நீ என்னமோ படிக்கறியாமா?"

"ஆமாங்க மாமா. பி.ஏ."

"காலேசுக்கா போற?"

"இல்லீங்க, கரஸ்ல."

"கரஸ்லயா..." (இந்த இழுவையை எழுத்துல காட்ட முடியாது.) "என்ன படிப்பு?"

"சரித்திரமுங்க. கூட அரசியலும்."

அவர் என்னைப் பார்த்துச் சிரிச்சிருந்தாக்கூடப் பரவாயில்ல. பக்கத்து இலைக்காரர்கிட்ட திரும்பி, "அரசியல் படிக்கறதுக்கு எதுக்குங்க பீஸு? டீக்கடையில உக்காந்தா ஓசியிலயே வருமே"ன்னார். பந்தி பூரா சிரிப்பு. எனக்கு அப்பளம் கையிலயே நொறுங்கிடுச்சு.

பந்தியில வராத பதிலெல்லாம் ராத்திரி பாத்திரம் கழுவும்போதுதான் வரும். எனக்கும் வந்துச்சு. மாமா இதையெல்லாம் படிக்க மாட்டாருங்கற தைரியத்துல இங்க எழுதுறேன்.

புதுசா வந்தவங்களுக்கு: கொழிஞ்சாம்பாறையில சின்னதா ஒரு ஜெராக்ஸ் கடை வச்சிருக்கேன். ஸ்பைரல் பைண்டிங், லேமினேஷன், பாஸ்போர்ட் சைஸ் போட்டோ. பொறந்தது மூணாறுக்கு மேல ஒரு எஸ்டேட் லயத்துல. வாக்கப்பட்டது பாலக்காடு ஜில்லா, சித்தூர் தாலுகா. எங்க வீட்டுக்காரர் இளநீர் லோடு ஓட்டுறார். வயசு 41. பத்தாவது வரைக்கும் எஸ்டேட் பக்கத்துல தமிழ் மீடியம், பிளஸ் டூவைத் தட்டுத் தடுமாறி முடிச்சேன். அதோட நின்னுது.

அப்புறம் எப்படி சரித்திரம்?

மெஷின் சிக்கினதால.

நிஜமாத்தான். ஒரு பையன் கரஸ் பாடப் புத்தகத்தைக் கொண்டாந்து, "அக்கா, முழுசும் எடுத்து வைங்க, சாயந்திரம் வர்றேன்"னு போயிட்டான். நூறு பக்கம் தாண்டினதும் மெஷின் சூடாகி பேப்பரைக் கடிச்சுக்கிச்சு. ஆறட்டும்னு மூடியைத் திறந்து வச்சிட்டு, கையில இருந்த பக்கத்தைப் படிச்சேன். பிரெஞ்சுப் புரட்சி. 1789 அக்டோபர் 5. ரொட்டி கிடைக்கல, கிடைச்சாலும் வாங்குற விலையில இல்லன்னு பாரிஸ் சந்தைப் பொம்பளைங்க கூட்டமாக் கிளம்பி, மழையில நனைஞ்சுக்கிட்டே வெர்சாய் அரண்மனைக்கு நடந்தே போறாங்க. மறுநாள் ராஜாவையே பாரிசுக்குக் கூட்டிட்டு வந்துடறாங்க.

எனக்குக் கை நின்னுடுச்சு. ஏன்னா இது எனக்குத் தெரிஞ்ச கதை.

2015 செப்டம்பர். போனஸைக் குறைச்சுட்டாங்கன்னு கொழுந்து எடுக்குற பொம்பளைங்க ஆயிரக்கணக்குல மூணாறு டவுனுக்கு இறங்கி வந்து ரோட்டுல உக்காந்தாங்க. பொம்பிளை ஒருமைன்னு பேரு. அப்ப ஒரு நாள் கூலி 232 ரூபா. இருபது சதவீதம் போனஸ் வேணும்னு கேட்டாங்க. தொழிற்சங்கத் தலைவருங்க சமாதானம் பேச வந்தப்ப, நீங்க பேசினது போதும்னு திருப்பி அனுப்பிட்டாங்க. எங்க சித்தியும் அந்தக் கூட்டத்துல இருந்தா. டிவியில அவ தலை ஒரு செகண்டு தெரிஞ்சுதுன்னு எங்க அம்மா இன்னைக்கும் சொல்லும். கடைசியில இருபது சதவீதம் கணக்குக்கு ஒத்துக்கிட்டுத்தான் பிரச்சினை முடிஞ்சுது.

பாரிஸ்காரி நடந்தா அது புரட்சி, எங்க சித்தி உக்காந்தா அது டிராபிக் ஜாமா?

அந்தக் கேள்வியோடதான் அப்ளிகேஷன் வாங்கினேன். (பையனோட ஜெராக்ஸ் சாயந்திரம் ரெடியாகல. ரெண்டு நாள் ஆச்சு. நான் படிச்சு முடிக்க வேண்டாமா?)

சேர்றதுலயே முதல் தலைவலி. எந்தப் பக்கம் சேர்றது?

இந்தப் பக்கம் கொல்லத்துல ஸ்ரீநாராயணகுரு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 2020-ல வந்துச்சு. மலையாளத்துல பரீட்சை எழுதலாம். எனக்கு மலையாளம் பேச வரும், படிக்க வரும், சண்டை போட ரொம்ப நல்லா வரும். பதினஞ்சு பக்கம் பரீட்சை எழுத வராது. 1985-ல ஆரம்பிச்ச இக்னோ இந்தியா பூரா இருக்கு. ஆனா இக்னோன்னாலே எனக்கு இங்கிலீஷ் பயம். மிச்சம் இருந்தது தமிழ்நாட்டுத் தமிழ் மீடியம். மாநிலப் பல்கலைக்கழகம் எதுவும் தன் மாநில எல்லையைத் தாண்டி தொலைதூரப் படிப்பு மையம் நடத்தக் கூடாதுன்னு யுஜிசி விதி இருக்கு. சர்ட்டிபிகேட் வியாபாரத்தைத் தடுக்க வந்த விதி, நியாயம்தான். ஆனா எங்க ஊர்ல இருந்து பார்த்தா எல்லைங்கறது ரெண்டு ஸ்டாப் தாண்டி. அந்த ரெண்டு ஸ்டாப்பைத் தாண்டிக் கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு மையத்துல சேர்ந்தேன். பேரு வேண்டாம், இன்னும் ரெண்டு பேப்பர் பாக்கி இருக்கு.

முதல் வருஷக் கூத்தைக் கேளுங்க.

கடையில ஹைலைட்டர் சும்மா கிடக்குதேன்னு முக்கியமானதை எல்லாம் மஞ்சள் பூசினேன். எல்லாமே முக்கியமாத் தெரிஞ்சுது. ஒரு மாசத்துல புத்தகம் முழுக்க மஞ்சக்காமாலை. அப்புறம் தேதி மனப்பாடம். அக்பர் 1556, அக்பர் 1556னு தோசை சுடும்போதெல்லாம் சொல்லுவேன். பரீட்சையில அக்பர் வரவே இல்ல. வந்தது அக்பரோட நிலவரி முறை.

அசைன்மெண்ட்டுக்கு முப்பது மார்க். கையால எழுதணும். ஊர் அசைன்மெண்ட்டுக்கெல்லாம் பைண்டிங் போடுறவ, என்னோடதை எப்படிப் போடுவேன்? முன்னாடி பிளாஸ்டிக் ஷீட், பின்னாடி நீல அட்டை, பார்டர், எல்லாம் சேர்த்துப் பிரமாதமாப் போட்டேன். திரும்பி வந்தப்ப ஆறாம் பக்கத்துக்கும் ஏழாம் பக்கத்துக்கும் நடுவுல பக்கத்துத் தோட்டத்துக்காரரோட போர்வெல் கரண்ட் பில் ஜெராக்ஸ் உக்காந்திருந்துச்சு. ஓரத்துல சிவப்பு மையில, "இது எந்தப் புரட்சி?"

(அந்த வாத்தியாரை எனக்கு அன்னைக்கே பிடிச்சுப் போச்சு.)

ஞாயித்துக்கிழமை வகுப்புல அவர் சொன்னதுதான் இத்தனை வருஷத்துல எனக்கு மனசுல நின்னது. எதைப் படிச்சாலும் மூணு கேள்வி கேக்கணுமாம். எழுதினது யாரு? எப்ப எழுதினாரு? யாருக்காக எழுதினாரு? இதைக் கத்துக்கிட்டதுல இருந்து எனக்கு நிம்மதி போச்சு. கல்யாணப் பத்திரிகையைக் கூட அப்படித்தான் படிக்கிறேன்.

படிக்கிற இடம்? கடை, அடுப்படி, பஸ்ஸு. அம்மா வீட்டுக்குப் போற பஸ்ஸுதான் எனக்கு லைப்ரரி. கொழிஞ்சாம்பாறையில இருந்து மூணாறு போக, கேரளாவுல இருந்து கேரளாவுக்குத்தான் போறோம், ஆனா நடுவுல தமிழ்நாட்டைத் தாண்டித்தான் போகணும். பொள்ளாச்சி, உடுமலைப்பேட்டை, அப்புறம் காடு ஏறி சின்னாறு செக்போஸ்ட், மறையூர், மூணாறு. உடுமலை வரைக்கும் ஒரு பாடம் முடிச்சுடுவேன். மலை ஏற ஆரம்பிச்சா புத்தகத்தை மூடிடணும். ஒரு தடவை மூடாம அரிஸ்டாட்டில் படிச்சுட்டு வந்தேன். மறையூர்ல இறங்கி வாய் கொப்புளிக்க வேண்டியதாப் போச்சு. சின்னாறுல யானை குறுக்க நின்னா மட்டும் இன்னொரு பாடம் ஓடும். டிரைவர் இன்ஜினை அணைச்சுடுவார். மொத்த பஸ்ஸும் மூச்சுவிடாம இருக்கும். அவ்ளோ அமைதியை எந்த லைப்ரரியிலயும் நான் பார்த்ததில்ல.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். ரெண்டாம் வருஷம் 'சுதந்திரத்துக்குப் பின் இந்தியா' பேப்பர். மொழிவாரி மாநிலங்கள் பாடம் வந்ததும் எனக்கு ஒரே படபடப்பு. நம்ம ஊர் வரும்ல?

வந்துச்சு. ஒரே ஒரு வரி.

தேவிகுளம், பீர்மேடு தாலுகாக்கள் கேரளாவோட இருந்துடுச்சு. முடிஞ்சுது கதை. அடுத்த பாரா ஆந்திரா.

அந்த ஒரு வரிக்கு உள்ள போய்ப் பார்க்கத்தான் எனக்கு ஒரு வருஷம் ஆச்சு. 1953 டிசம்பர்ல மாநில மறுசீரமைப்பு ஆணையம் போட்டாங்க. பசல் அலி, குன்ஸ்ரு, கே.எம். பணிக்கர்னு மூணு பேர். 1955 செப்டம்பர்ல அறிக்கை. 1956 நவம்பர் 1-ல புது மாநிலங்கள். தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு, கூடவே செங்கோட்டை, இதெல்லாம் தமிழ்நாட்டுப் பக்கம் போச்சு. தேவிகுளமும் பீர்மேடும் இந்தப் பக்கமே நின்னுது. அதுக்கு முன்னாடி 1954-ல குமரித் தமிழர்களோட தலைவர் நேசமணி தடையை மீறி மூணாறு பக்கம் வந்து கைதானதும், குமரிப் பக்கம் துப்பாக்கிச்சூடு நடந்ததும் தனிக் கதை.

உடுமலை டீக்கடையில இதைப் பேசினா, "பணிக்கர் மலையாளி, அதான்"னு ஒரே போடு. கூடவே காமராஜர் சொன்னதா குளம், மேடுன்னு வார்த்தை விளையாட்டோட ஒரு வசனம் வரும். ஆளுக்கொரு மாதிரி சொல்லுவாங்க. யார்கிட்ட சொன்னாரு, எந்த வருஷம், எந்தப் பேப்பர்ல வந்துச்சுன்னு கேட்டா டீ ஆறிடும். இந்தப் பக்கம் பாலக்காட்டு டீக்கடையில நவம்பர் 1 கேரளப்பிறவி, செட் முண்டு கட்டிக்கிட்டு போட்டோ எடுக்கிற நாள். ஒரே தேதி. ஒரு டீக்கடையில இழவு, ஒரு டீக்கடையில கல்யாணம். டீ மட்டும் ரெண்டு கடையிலயும் எங்க மலையில இருந்து போனது.

(மாமா, டீக்கடையில ஓசியில வரும்னீங்களே, வர்றது இதுதான். பாதி.)

இன்னொன்னும் கண்டுபிடிச்சேன், இதைச் சொன்னா எங்க வீட்டுக்காரர் இப்பவும் சிரிப்பார். சித்தூர் தாலுகா பழைய கொச்சி ராஜ்யம். பக்கத்துல இருக்கற பாலக்காடு மலபார், அதாவது சென்னை மாகாணம். எங்க அம்மா ஊர் திருவிதாங்கூர். 1949 ஜூலை 1-ல திருவிதாங்கூரும் கொச்சியும் ஒண்ணாச் சேர்ந்துச்சு. ஆக எங்க ரெண்டு வீடும் அன்னைக்கே சம்பந்தி ஆயாச்சு. நாங்க தாலி கட்டினதுதான் லேட்டு.

சிரிப்பெல்லாம் இதோட சரி.

அந்தக் காலத்து வாதங்களைப் படிக்கும்போது ஒண்ணு திரும்பத் திரும்ப வந்துச்சு. தேவிகுளத்துல தமிழ் பேசறவங்க அதிகம்ங்கறது நிஜம்தான், ஆனா அதுல முக்கால்வாசி தோட்டத்துக்குக் கூலிக்கு வந்து போறவங்க, அவங்க தலையை எண்ணி எல்லை போடக் கூடாதுங்கறது ஒரு தரப்பு.

வந்து போறவங்க.

எங்க பாட்டியை சங்கரன்கோவில் பக்கத்துல இருந்து கங்காணி கூட்டிட்டு வந்தாரு. அப்ப அதுக்குப் பதினாலோ பதினஞ்சோ. வந்துச்சு, கொழுந்து எடுத்துச்சு, ஆறு பெத்துச்சு, நாலு தங்குச்சு. லயத்துக்குக் கீழ இருக்கற சரிவுலதான் அதைப் புதைச்சோம். இப்ப அங்க தேயிலைதான் நிக்குது. ஆனா சொந்தமா ஒரு அடி மண் கிடையாது. ரிட்டயர் ஆனா லயத்து வீட்டைக் காலி பண்ணிக் குடுக்கணும். எங்க அம்மா இப்பவும் அங்க இருக்கறது தம்பிக்கு எஸ்டேட்ல வேலை இருக்கறதாலதான். மூணு தலைமுறை ஆகியும் நாங்க வந்தவங்களா இருந்தவங்களாங்கறதை யார் சொல்றது?

இதை அசைன்மெண்ட்ல எழுதினேன். கோவத்துல பன்னெண்டு பக்கம். திரும்பி வந்தப்ப பாட்டி பத்தின பாராவுக்குப் பக்கத்துல அதே சிவப்பு மை: "ஆதாரம்?"

ரெண்டு நாள் சோறு இறங்கல. எங்க பாட்டிக்கு ஆதாரமா? நான்தான ஆதாரம்! அப்புறம் யோசிச்சா, மனுஷன் கேட்டது சரிதான். டீக்கடைக்காரர்கிட்ட நான் கேட்ட அதே கேள்விதான். சொன்னது யாரு, எப்ப சொன்னாங்க, யாருக்காக சொன்னாங்க?

அதுல இருந்து ஊருக்குப் போனா போன்ல ரெக்கார்டு போட்டுட்டு அம்மாவையும் லயத்துப் பெரிசுகளையும் பேச வைக்கிறேன். தேதி, இடம், பேசினவங்க வயசு, எல்லாம் நோட்டுல எழுதுறேன். ஒரு தாத்தாகிட்ட 1956 பத்திக் கேட்டேன். ஞாபகமே இல்லன்னுட்டார். ஆனா 1958 ஞாபகம் இருக்கு. தேவிகுளம் இடைத்தேர்தல். கம்யூனிஸ்ட் கட்சி சார்புல ரோசம்மா புன்னூஸ் நின்னாங்க. அவங்களுக்காகப் பாட்டுப் பாடி ஓட்டுக் கேட்டவர் பாவலர் வரதராசன், நம்ம இளையராஜாவோட அண்ணன். ரோசம்மா ஜெயிச்சாங்க. தாத்தாவுக்கு வேட்பாளர் பேரு மறந்து போச்சு, பாட்டு மறந்து போச்சு. "ஆர்மோனியப் பொட்டியைத் தலையில வச்சு நான்தான் மேல தூக்கிட்டுப் போனேன்"னார். பொட்டி எம்புட்டு கனம்னு கையால காட்டினார். இதை எந்த அறிக்கையில தேடுவீங்க?

சரி, அரசியல் பேப்பரால என்ன பிரயோஜனம்? இதுக்குப் பதில் என் கடைச் சுவத்துலயே தொங்குது.

மாமியாருக்காக ஒரு மனு எழுதினேன். எந்த ஆபீஸ்னு கேக்காதீங்க. தமிழ்ல எழுதிக் கொடுத்தேன். சீட்டுல இருந்தவர் பார்த்துட்டு, "மலையாளத்துல எழுதிட்டு வரூ"ன்னு திருப்பிக் கொடுத்தார். முன்னாடியா இருந்தா எழுதிட்டு வந்திருப்பேன். (ஊர்க்காரங்களுக்கு எழுதிக் கொடுத்துப் பத்து ரூபா வாங்குறவளே நான்தான்.) ஆனா அந்த வாரம்தான் ஒண்ணு படிச்சிருந்தேன். 1969 கேரள ஆட்சிமொழிச் சட்டத்துல, தமிழ், கன்னடச் சிறுபான்மைக்காரங்க தங்க மொழியிலயே அரசுக்கு எழுதலாம், சிறுபான்மைப் பகுதின்னு அறிவிச்ச இடங்கள்ல இருக்கற உள்ளூர் ஆபீசுக்கும் எழுதலாம், பதிலும் அதே மொழியில வரணும்னு இருக்கு. மறுநாள் அந்தப் பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்துட்டுப் போனேன். நம்ம கடைதான, காசா பணமா?

அவர் ரெண்டு தடவை படிச்சார். கண்ணாடியைக் கழட்டினார். மனுவை வாங்கி சீல் குத்தினார். திட்டல. "இப்படி ஒண்ணு இருக்கறது எனக்கே தெரியாது, சேச்சி"ன்னார். ஒரு மாசம் கழிச்சுப் பதில் வந்துச்சு, தமிழ்ல. நாலு வரியில ஆறு பிழை. எனக்கு அதைப் பார்த்ததும் கண்ணு கலங்கிடுச்சு. அப்படியே லேமினேட் பண்ணி மாட்டிட்டேன்.

சட்டத்துல இருந்தா மட்டும் ஆச்சா? 2021-ல எங்க தேவிகுளம் எம்.எல்.ஏ. ஏ. ராஜா சட்டசபையில தமிழ்ல உறுதிமொழி எடுத்தார். லயமே டிவி முன்னாடி உக்காந்திருந்துச்சு. அப்புறம் பார்த்தா தமிழ் வாசகத்துல ஒரு துண்டு விட்டுப் போயிருந்துச்சாம். இன்னொரு தடவை எடுக்க வேண்டியதாப் போச்சு.

இன்னொரு சங்கதி. தாய்மொழியில தொடக்கக் கல்விக்கு வசதி செஞ்சு தரணும்னு சொல்ற அரசியல் சாசனப் பிரிவு 350ஏ. இது ஏழாவது திருத்தத்துல வந்தது. அந்தத் திருத்தம் அமலுக்கு வந்த தேதி 1956 நவம்பர் 1. கோடு போட்ட அன்னைக்கே, கோட்டுக்குத் தப்பான பக்கம் மாட்டினவங்களுக்கு ஒரு வரியும் எழுதி வச்சிருக்காங்க. நான் தமிழ்ல அ, ஆ படிச்சது அந்த வரியோட நிழல்லதான்.

கரஸுங்கற இளக்காரத்துக்கும் ஒரு வார்த்தை. இந்தியாவுல தபால் வழிப் படிப்பு 1962-ல டெல்லிப் பல்கலைக்கழகத்துல ஆரம்பிச்சது. நம்ம பக்கம் மதுரையில 1971-ல. நெல்சன் மண்டேலா ஜெயில்ல இருந்தபடியே தபால்ல சட்டம் படிச்சு 1989-ல எல்.எல்.பி. வாங்கினார். மாமா அவரைப் பந்தியில பார்த்திருந்தா என்ன கேட்டிருப்பாரோ.

போன வாரம் நோட்டைப் புரட்டிக்கிட்டு இருந்தப்ப சும்மா ஒரு சந்தேகம். 1956 நவம்பர் 1 என்ன கிழமை? பார்த்தேன். வியாழன். தமிழுக்கு ஐப்பசி. தீபாவளி நேரம்!

உடனே அம்மாவுக்குப் போன்.

"அம்மா, நீ கைக்குழந்தையா இருந்தப்ப வந்த தீபாவளி பத்திப் பாட்டி ஏதாச்சும் சொல்லியிருக்கா?"

"எதுக்குடி இப்ப? அடுப்புல குழம்பு."

"சொல்லும்மா, பரீட்சைக்கு."

கொஞ்ச நேரம் ஒண்ணும் கேக்கல. கரண்டி சத்தம் மட்டும்.

"அந்த வருசம் ஊருக்குப் போறதா மூட்டை கட்டி வச்சிருந்தாளாம். சங்கரன்கோயிலுக்கே திரும்பிப் போயிடலாம்னு. நல்ல மழை. எனக்கு வேற காய்ச்ச. அடுத்த வருசம் போயிக்கலாம்னு மூட்டையைப் பிரிச்சுட்டாளாம்."

"அடுத்த வருஷம்?"

"அடுத்த வருசம் எங்க போனா? மாமன் வயித்துல."

நோட்டுல எழுதினேன். சொன்னவர்: அம்மா. சொன்ன முறை: போன். தேதி, நேரம். எழுதி முடிக்கறதுக்குள்ள அம்மாவே கேட்டுச்சு.

"இதை எழுதினா எத்தனை மார்க்கு?"

"பத்துக்கும்மா."

"பத்துதானா?"ன்னு வச்சிடுச்சு.